பிர்ச் கேட்பவர்களுக்குப் புன்னை

வெள்ளைப் பட்டை சுருள் சுருளாக உரிய, ஒல்லியாக நிற்கும் பிர்ச் மரத்தின் படத்தைக் காட்டி, "இதை வீட்டு முன்னாடி வைக்கலாமா?" என்று கேட்பவர்கள் கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் பார்த்துவிட்டு வந்தவர்கள் பாதி, இணையத்தில் விதைப் பொட்டலம் பார்த்தவர்கள் மீதி. பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: வராது.

பிர்ச் நம் நாட்டுக்கு அந்நியமான மரம் இல்லை. இமயமலையில் பூர்ஜ மரம் என்று சொல்வது பிர்ச் வகைதான். காஷ்மீரத்தில் அதன் பட்டையில் சுவடி எழுதினார்கள். கங்கோத்ரிக்கு மேலே கோமுகம் போகிற வழியில் இருக்கும் போஜ்பாசா என்ற இடத்துக்கு அந்த மரத்தால்தான் பெயர். கங்கோத்ரித் தண்ணீர் ராமேஸ்வரத்துக்கு அபிஷேகத்துக்கு வந்துவிடுகிறது, மரம் வராது. அதன் மொட்டு விரிவதற்கு மாதக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும். நமக்கு மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். போதாததற்கு, அதன் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்பவை, குளிர்ந்த ஈர மண்ணைத் தேடுபவை. நம் கடற்கரை மணலின் மேல்மண்ணில் சித்திரை மத்தியானம் வெறுங்காலால் நிற்க முடியாது. விதையை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து முளைக்க வைக்கலாம், அதிலே பெரிய வித்தை இல்லை. பங்குனி வெயில் வந்ததும் கன்று கருகிவிடும். பொட்டலத்துக்குக் கொடுக்கிற காசுக்கு ஒரு மூட்டை ஆட்டுப் புழுக்கை வாங்கலாம்.

இந்தக் கரையில் வீட்டுக்கு அழகாக ஒரே ஒரு மரம் என்றால் அது புன்னை. எண்ணெய் பூசினது போலப் பளபளக்கும் இலை, வெள்ளைப் பூ, நடுவே மஞ்சள் கொத்து, ராத்திரியில் வாசம், வருடம் முழுக்க நிழல். பட்டை வெள்ளையாக இருக்காது. சாம்பல் நிறத்தில், படகு வடிவத்தில் நீள நீளமாக வெடித்திருக்கும். அதுவும் ஒரு அழகுதான், பார்க்கப் பழக வேண்டும். உப்புக் காற்றைத் தாங்கும், தாழக் கிளைத்துப் பரவும். ஆனால் மெதுவாக வளரும். முதல் வருடத்தில் ஒன்றரை, இரண்டு அடி எழும்பினால் போதும் என்று இருக்க வேண்டும். பூ பார்க்க ஏழெட்டு வருடமாவது ஆகும். அவசரக்காரர்கள் பூவரசம் போத்து ஊன்றிக்கொள்ளலாம். கைத்தடிப் பருமனில் ஆறடிப் போத்தை ஐப்பசியில் ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றினால் தைக்குள் தழைத்துவிடும்.

புன்னை கடற்கரை மரம்தான், அதனால் நட்டுவிட்டால் தானாக வளரும் என்று நினைப்பதில்தான் பாதிக் கன்றுகள் போகின்றன. வளர்ந்த மரம் தாங்குகிற உப்பை இரண்டு வயதுக் கன்று தாங்காது. முதல் மூன்று வருடம் பிழைப்பதும் சாவதும் தண்ணீரில் இருக்கிற உப்பைப் பொறுத்தது. உரம், பூச்சி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் இடம். முழு மரத்தின் குடை 30, 40 அடி அகலம் விரியும். வீட்டுச் சுவரிலிருந்து 18 அடி, சுற்றுச்சுவரிலிருந்து 10 அடி, கழிவுநீர்த் தொட்டியிலிருந்து 15 அடி தள்ளி வைக்க வேண்டும். மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். கார் நிறுத்துகிற இடத்துக்கும் மாடிப்படிக்கும் மேலே கிளை வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். காய் கோலிக்குண்டைவிடப் பெரிது, உருண்டை, கல் மாதிரி இருக்கும். சிமெண்ட் தரையில் அதன் மேல் கால் வைத்தால் வழுக்கும். பழம் தின்ன வௌவால் வரும், வெள்ளைச் சுவரில் அது விட்டுப்போகிற கறை சுலபத்தில் போகாது. மூன்று சென்ட்டுக்குக் குறைந்த மனையில் வீடும் கட்டி, புன்னையும் வைக்க நினைக்காதீர்கள்.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காமல் பையைப் பாருங்கள். இரண்டிலிருந்து மூன்று அடிக் கன்று, எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் பை என்றால் சரி. அதே பையில் ஆறடிக் கன்று நின்றால் அதன் ஆணிவேர் அடியில் சுருண்டு வட்டமடித்திருக்கும். அப்படிப்பட்ட கன்று நட்ட பிறகு இரண்டு வருடம் நன்றாகத் தெரியும், ஆறாவது வருடம் ஒரு புயல் காற்றில் தூரோடு சாயும். பையின் அடியைக் கீறிப் பார்க்க விட மாட்டார்கள். ஆனால் தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்க்கலாம். மண்ணோடு சேர்ந்து அசைந்தால் நல்லது, மண்ணுக்குள் தண்டு மட்டும் கழன்றது போல ஆடினால் வேண்டாம்.

கடலை விட்டுத் தள்ளி உள்ளே இருக்கிற நாற்றங்காலில் பச்சை வலைக்கு அடியில், நல்ல தண்ணீரில் வளர்ந்த கன்றைக் கொண்டுவந்த அன்றே நடக்கூடாது. மூன்று வாரம் அரை நிழலில் வைத்து, முதல் வாரம் நல்ல தண்ணீரும் கால் பங்கு கிணற்றுத் தண்ணீரும், இரண்டாம் வாரம் பாதிப் பாதி, மூன்றாம் வாரம் முழுக்கக் கிணற்றுத் தண்ணீர் என்று பழக்க வேண்டும். இந்தச் சின்ன வேலையைத் தட்டிக் கழித்தால், நட்ட பத்தாம் நாள் இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நிற்கும்.

குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. அதில் ஏறக்குறைய 50 சாந்துச் சட்டி மண் வரும். திரும்ப நிரப்பும்போது தோண்டிய மணலில் 32 சட்டி, கண்மாய்க் கரம்பை 10 சட்டி, நன்றாக மக்கிய மாட்டெரு 6 சட்டி, கரித்தூள் 2 சட்டி, வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ என்று கலக்கலாம். கருவேல மூட்டம் போடுகிற இடத்தில் சலித்துக் கழிக்கும் கரித்தூள் கிடைக்கும். சாம்பல் கலந்திருந்தால் சலித்து நீக்கிவிட்டு, இரண்டு நாள் சாணிக் கரைசலில் ஊறவைத்துப் போட வேண்டும். மணலில் தண்ணீரைப் பிடித்துவைக்கக் கரிக்கு ஈடு இல்லை. சாம்பல் மண்ணின் காரத்தைக் கூட்டும், நம் மண்ணில் அது ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது.

கரம்பை நல்லதென்று பாதிக்குப் பாதி போடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் மணலுக்கு நடுவே ஒரு களிமண் தொட்டி கட்டினது மாதிரி ஆகிவிடும். கார்த்திகை மழையில் உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் நின்று வேர் அழுகும். இன்னொரு தவறு தென்னை நார்க் கழிவு. கட்டியாக விற்பதை அப்படியே போடக்கூடாது, நாரில் ஊறிய உப்பு அதில் இருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிழிந்தால்தான் ஆகும். கரையில் ஒதுங்குகிற கடற்புல்லும் அப்படித்தான், ஒரு மழைக்காலம் முழுக்கக் குவியலாக வெளியில் கிடந்து கழுவப்பட்ட பிறகு தூரைச் சுற்றி மண்ணை மூடும் மூடாக்குக்கு ஆகும். ஆட்டுப் புழுக்கை என்றால் ஆறு மாதம் மக்கியது வேண்டும், புதுசு சூடு.

கலந்த மண்ணைக் குழியில் நிரப்பி, இரண்டு முறை தண்ணீர் விட்டு, பதினைந்து நாள் அமர விடுங்கள். புரட்டாசிக் கடைசியில் குழி, ஐப்பசி முதல் மழைக்குப் பின் நடவு என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதம் வானம் பார்த்துக்கொள்ளும். மணல் எப்படியும் இன்னும் கொஞ்சம் இறங்கும், அதனால் கன்றின் தூர் தரைமட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே இருக்கும்படி நடுங்கள். மழைக்காலத்தில் இரண்டடியிலேயே ஊற்று வந்துவிடுகிற தாழ்வான மனை என்றால் குழி வேண்டாம். ஐந்தடி விட்டத்தில் ஒன்றரை அடி உயர மேடு போட்டு அதன் மேல் நட வேண்டும்.

நட்ட பிறகு முதல் ஒரு மாதம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பையில் இருந்தது செம்மண் கட்டி, சுற்றிலும் மணல். பாத்தி முழுக்கத் தண்ணீர் விட்டால் மணல் வழியாக அது விறுவிறுவென்று கீழே போய்விடும், கட்டி உள்ளே காய்ந்தே கிடக்கும். பாத்தி ஈரமாகத் தெரியும், கன்று வாடும். மழையில்லாத நாட்களில், ஒன்று விட்டு ஒரு நாள், ஐந்து லிட்டரைத் தண்டை ஒட்டிக் கட்டியின் மேலேயே மெதுவாக ஊற்ற வேண்டும். புது வேர் மணலுக்குள் போன பிறகு பாத்தியை அகலப்படுத்தலாம்.

இனி தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனா ஒன்று வாங்கிவிடுங்கள், மண்வெட்டியைவிட அதற்கு வேலை அதிகம். கிணற்றுத் தண்ணீர் ஆயிரத்துக்குள் காட்டினால் கன்றுக்குத் தாராளமாக விடலாம். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை இருந்தால் விடலாம், ஆனால் கீழே சொல்கிற முறையில். இரண்டாயிரத்துக்கு மேல் என்றால் முதல் இரண்டு வருடம் அந்தத் தண்ணீர் வேண்டாம், மழைநீரோ குடிநீரோ கலந்து கீழே இறக்குங்கள். சித்திரையில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை அளக்க வேண்டும், தை மாதத்து அளவை நம்பி இருக்கக்கூடாது. ஊற்று இறங்க இறங்க உப்பு ஏறும், மோட்டாரை நீளமாக ஓடவிட்டாலும் ஏறும். தங்கச்சிமடத்தில் ஒரு கிணறு தேனாக இருக்கும், நூறு அடி தள்ளி இன்னொன்று சவர். பக்கத்து வீட்டு அளவு நமக்கு ஆகாது.

ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கிற தண்ணீரை மரத்துக்கு விடுவது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. வீணாக்காமல் இருக்கிற எண்ணம் நல்லதுதான், ஆனால் குடிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் அந்தக் குழாயில்தான் வருகிறது. கிணற்றில் ஆயிரத்து ஐந்நூறு என்றால் கழிவில் இரண்டாயிரத்தைத் தாண்டி நிற்கும். துணி துவைத்த தண்ணீரும் வேண்டாம், சோப்புத்தூளின் சோடியம் மண்ணை இறுக்கும். அரிசி களைந்த தண்ணீர் விடலாம். உப்புப் போட்டு அலசாத மீன் கழுவிய தண்ணீரும் விடலாம். கருவாடு ஊறவைத்த தண்ணீரை மட்டும் தூருக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

உப்புள்ள தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது விஷம் வைப்பதற்குச் சமம். ஐந்து லிட்டர் விட்டால் அது மேல் அரையடியை நனைக்கும், மறுநாள் வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கும். இப்படி முப்பது நாள். மே மாதம் பாத்தியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். விட்டால் ஆழமாக விட வேண்டும், பிறகு காய விட வேண்டும். கோடையில் முதல் வருடம் வாரம் இரண்டு முறை 20 லிட்டர். இரண்டாம் வருடம் வாரம் ஒரு முறை 40 லிட்டர், பாத்தி மூன்றடி அகலம். மூன்றாம் வருடம் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை 80, 100 லிட்டர். பழைய இருபது லிட்டர் கேனின் அடியில் ஊசித் துளை போட்டு வைத்துவிட்டால் இரண்டு, மூன்று மணி நேரம் சொட்டி ஆழமாக இறங்கும். மாதம் ஒரு முறை, வழக்கமாக விடுவதைப் போல இரண்டு மடங்கு ஒரேயடியாக விட்டு, தங்கிய உப்பை வேருக்குக் கீழே தள்ளிவிட வேண்டும். மணல் நிலத்தில் இதுதான் நமக்கு இருக்கிற ஒரே சௌகரியம், கழுவினால் உப்பு இறங்கிவிடும்.

சொட்டுநீர் போட்டவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சொட்டு விழுகிற இடத்தில் மண் நன்றாக இருக்கும், ஈரம் முடிகிற விளிம்பில் உப்பு வளையமாகச் சேரும். கோடை மழை ஒரு தூறல் போட்டால், சேர்ந்த உப்பு கரைந்து உள்ளே வேருக்கு வந்துவிடும். "மழை பெய்ததும் மரம் காய்ந்துபோச்சு" என்று சொல்வது புலம்பல் இல்லை, உண்மையிலேயே நடக்கிறது. அதனால் முதல் சின்ன மழையில் சொட்டுநீரை நிறுத்தாதீர்கள். ஒரே மூச்சில் இரண்டு அங்குலம் கொட்டுகிற மழை வந்த பிறகு நிறுத்துங்கள்.

மூடாக்கு மூன்று, நான்கு அங்குலம். தென்னை மட்டை, பனையோலைத் துண்டு, புன்னையின் சருகே போதும். அந்தச் சருகு தடித்தது, மெதுவாகத்தான் மக்கும், மூடாக்குக்கு அது நல்ல குணம். தண்டிலிருந்து நான்கு அங்குலம் தள்ளிப் போடுங்கள், ஒட்டினால் கரையான் ஏணியாகிவிடும்.

காற்றைப் பற்றிப் பேசும்போது உங்கள் வீடு எந்தக் கடல் பக்கம் என்று முதலில் பார்க்க வேண்டும். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி என்று வடகடல் பக்கம் இருந்தால் வாடைக் காலத்தில்தான் உப்பு அடிக்கும். ஆனால் கூடவே மழையும் வந்து இலையைக் கழுவிவிடும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று தென்கடல் பக்கம் என்றால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில், வைகாசியிலிருந்து ஆவணி வரை. அப்போது மழை கிடையாது, மண்ணிலும் ஈரம் கிடையாது. இலையில் படிந்த உப்பு நாள்கணக்கில் அப்படியே இருக்கும். தென்கடல் வீடுகளில் கன்று சாவது பெரும்பாலும் சித்திரையில் இல்லை, ஆனி ஆடியில். ராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்கு இரண்டும் உண்டு.

ஐந்தடி உயரம் வரும்வரை, காற்று வருகிற பக்கம் இரண்டடி தள்ளி ஒரு தட்டி வேண்டும். பனையோலை மட்டையை இடைவெளி விட்டுக் கட்டினால் போதும், பாதிக் காற்று உள்ளே வரட்டும். தகரமோ நெருக்கமான கிடுகோ வைத்தால் காற்று மேலே ஏறித் தட்டிக்குப் பின்னால் சுழன்று விழும், கன்று முன்பைவிட அதிகமாக ஆடும். பலத்த காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் விடியற்காலையில் பத்து லிட்டர் நல்ல தண்ணீரை இலை மேல் பூவாளியால் ஊற்றிக் கழுவிவிடலாம். சவர்த் தண்ணீரை இலை மேல் விடவே கூடாது.

முட்டுக் கொடுக்கும்போது ஒரு கம்பு போதாது, இருபுறமும் இரண்டு கம்பு. கன்று கொஞ்சம் ஆட வேண்டும், ஆடினால்தான் தண்டு பருக்கும். கட்டுவதற்குப் பழைய வேட்டிக் கிழிசல் அல்லது சைக்கிள் டியூப், எட்டு வடிவில். வலைக் கயிறு எல்லா வீட்டிலும் கிடக்கும், கை அதற்குத்தான் போகும். நைலான் ஒரே பருவத்தில் பட்டையை அறுத்துவிடும். பழைய வலையை ஆட்டுக்கு வேலியாகக் கட்டுங்கள், அதற்கு நல்லது. ஒன்றரை வருடத்தில் முட்டுக் கம்புகளை எடுத்துவிட வேண்டும்.

இலை சொல்வதைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை முன்கூட்டியே பிடிபடும். கீழே இருக்கிற முதிர்ந்த இலைகளில் நுனியும் ஓரமும் காய்ந்து பழுப்பாவது மரம் முழுக்க இருந்தால் வேரில் உப்பு. அதே கருகல் கடல் பக்கம் மட்டும் இருந்தால் காற்றில் வந்த உப்பு, வேருக்கு ஒன்றுமில்லை. ஓரம் கருகாமல் இலை மொத்தமாகத் தொங்கினால் தாகம். கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்து, மண்ணைக் கிளறினால் சாக்கடை நாற்றம் வந்தால் தண்ணீர் தேங்குகிறது. இந்த நான்கில் எதுவும் இல்லாமல் புதுத் தளிர் மட்டும் எலுமிச்சை மஞ்சளாக வந்தால் இரும்புச் சத்துக் குறைவு. மண்டபம், பாம்பன் பக்கம் பவளப்பாறைச் சுண்ணாம்பும் சிப்பித் தூளும் கலந்த மண்ணில் இது சகஜம். மண்ணில் இரும்பு இருக்கும், காரம் அதைப் பூட்டி வைத்திருக்கும். வீடு கட்டிய சிமெண்ட் மிச்சம் குழிக்குள் விழுந்திருந்தாலும் இதே கதைதான்.

அதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, சாயங்காலம் இலையின் இருபுறமும் தெளிக்கலாம். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. சிட்ரிக் அமிலத்தை முதலில் கரைத்துவிட்டு அன்னபேதியைப் போடுங்கள், இல்லையென்றால் கரைசல் துருப்பிடித்தது மாதிரி செம்மையாகிவிடும், பயன் இருக்காது. சுவரிலும் தரையிலும் படாமல் தெளிக்கவும், கறை போகாது. அன்னபேதியை மண்ணில் கொட்டுவது வீண், போட்ட சில நாளில் அதுவும் பூட்டப்பட்டுவிடும்.

வெள்ளை பூத்த மண்ணைப் பார்த்ததும் ஜிப்சம் போடச் சொல்பவர்கள் நிறைய. ஜிப்சம் களர் மண்ணுக்கு மருந்து, உவருக்கு இல்லை. சோடியம் ஏறி இறுகிப்போன களிமண்ணில் அதற்கு வேலை உண்டு. சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே கிடக்கிற கடற்கரை மணலில் இருக்கிற உப்போடு இன்னொரு உப்பைச் சேர்த்ததாகத்தான் முடியும். உவருக்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும்.

உரம் அதிகம் கேட்காது. மழைக்கு முன் ஒரு முறை, தை கடைசியில் ஒரு முறை, பத்துப் பத்துக் கிலோ மக்கிய எருவோடு அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்கு. மீன் கழிவு சும்மா கிடைக்கிற ஊரில் மீன் அமிலம் போட்டுக்கொள்ளலாம்: உப்புப் படாத மீன் குடலும் வெல்லமும் சம எடை, மூடிய பிளாஸ்டிக் வாளியில் 25 நாள், பிறகு லிட்டருக்கு 5 மில்லி. ரசாயன உரம் வேண்டுமென்று நினைத்தால் மியூரியேட் பொட்டாஷை மட்டும் தவிருங்கள், அதில் பாதி குளோரைடு. சல்பேட் பொட்டாஷ் விலை கூட, ஆனால் நம் மண்ணுக்கு அதுதான் சரி.

பூச்சித் தொல்லை குறைவு. மாவுப் பூச்சியும் செதில் பூச்சியும் வரும், அவற்றின் தேன்கழிவால் இலை மேல் கரும்படலம் படியும். இலையைத் துடைத்துப் பயனில்லை, பூச்சியைச் சுமந்துகொண்டு ஏறுகிற எறும்பை நிறுத்த வேண்டும். தண்டில் துணி சுற்றி, துணியின் மேல் கிரீஸ் தடவினால் போதும். கிரீஸ் நேராகப் பட்டையில் படக்கூடாது. லிட்டருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்பும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கலாம், இளந்தளிர் இருந்தால் பாதி அளவு. பட்டை மேல் கரையான் மண் ஏறினால் தேய்த்து எடுத்துப் பாருங்கள். உள்ளே பட்டை உறுதியாக இருந்தால் அது செத்த மேல்தோலைத்தான் தின்கிறது. தூரில் கடையில் விற்கிற கரையான் மருந்தைக் கரைத்து ஊற்றும் பழக்கம் இந்தக் கரையில் ஆகாது. மணல் எதையும் பிடித்து வைக்காது, இருபது அடியில் இருக்கிற குடிதண்ணீர்க் கிணற்றுக்கு அது நேராகப் போகும்.

கவாத்து தை கடைசியிலிருந்து மாசிக்குள். காற்றுக் காலத்தில் வேண்டாம். பிர்ச்சை வசந்தத்துக்கு முன் வெட்டினால் வெட்டுவாயில் நீர் வடிந்துகொண்டே இருக்கும் என்பார்கள். புன்னையில் வடிவது பிசுபிசுப்பான பால். கண்ணில் பட்டால் கடும் எரிச்சல், கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டுங்கள். கையில் ஒட்டியது சோப்புக்குப் போகாது, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் போகும். அடிக்கிளைகளைக் கட்டை விரல் பருமனில் இருக்கும்போதே எடுக்க வேண்டும், வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஏழடி உயரத்துக்கு வெறும் தண்டு கிடைக்க ஐந்தாறு வருடம் எடுத்துக்கொள்ளலாம். ஒரே வருடத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தழையை எடுத்தால், திடீரென்று வெயில்பட்ட தண்டு மேற்குப் பக்கம் வெந்து வெடிக்கும். அப்படி வெளிப்பட்ட தண்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், பிர்ச் ஆசைக்கும் அது ஒரு ஆறுதல். எனாமல் பெயின்ட் அடிக்காதீர்கள்.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு வீக்கம் தெரியும், அதை விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்ட வேண்டும். பெரிய கிளை என்றால் முதலில் ஓரடி தள்ளி அடியிலிருந்து கால் பங்கு அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்து, கடைசியில் மிச்சக் கட்டையை அறுக்க வேண்டும். நேராக மேலிருந்து அறுத்தால் கிளை விழும்போது தண்டுப் பட்டையை முழம் நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு போகும். இரண்டு அங்குலத்துக்குப் பெரிய வெட்டுக்கு மட்டும் போர்டோ பசை: மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர், தனித்தனியே கரைத்து மண் சட்டியிலோ பிளாஸ்டிக்கிலோ கலக்க வேண்டும், இரும்பில் ஆகாது. சின்ன வெட்டுக்கு ஒன்றும் வேண்டாம்.

கடல் பக்கம் கருகி நிற்கும் சிறு கிளைகளைப் பார்த்தால் அரிவாள் தானாக நீளும். விடுங்கள். அந்தக் கருகல்தான் உள்ளே இருப்பதற்குத் தட்டி. அதை வெட்டினால் அடுத்த வருடம் அதற்கடுத்த அடுக்கு கருகும், மூன்று வருடத்தில் மரம் பாதியாகிவிடும். ஒருபக்கம் சாய்ந்த குடை இந்தக் கரைக்கு இயல்பு.

காய்க்கத் தொடங்கிய மரம் பக்கத்தில் இருந்தால் கன்றுக்குக் காசு செலவில்லை. தானாக உதிர்ந்த பழுத்த காயை எடுங்கள், வௌவால் தோல் தின்று போட்ட கொட்டை இன்னும் நல்லது. தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிக்கிற வழக்கமான சோதனை இதற்குச் செல்லாது, நல்ல கொட்டையும் மிதக்கும், கடலில் மிதந்து ஊர் ஊராகப் போன விதை அது. ஓட்டோடு போட்டால் முளைக்க இரண்டு மாதம் ஆகும். ஓட்டில் விரிசல் விட்டால் ஐந்தாறு வாரம், ஓட்டை முழுக்க நீக்கினால் மூன்று வாரம். பக்கவாட்டில் வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும், பருப்பு நசுங்கினால் பூஞ்சை பிடிக்கும். பிள்ளைகள் பருப்பை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதன் எண்ணெய் விளக்குக்கும் படகுக்கும் ஆனது, சமையலுக்கு இல்லை. ஓரங்குல ஆழம், அரை நிழல், நல்ல தண்ணீர். பை உயரமாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்கட்டும், ஆணிவேர் முதலில் கீழே ஓடும். சித்திரையில் போட்டால் ஐப்பசி நடவுக்கு ஓரடிக் கன்று கையில் இருக்கும். அந்த வருடமே நட வேண்டியதில்லை, அடுத்த ஐப்பசிவரை பெரிய பைக்கு மாற்றி வைத்திருந்து கிணற்றுத் தண்ணீருக்குப் பழக்கலாம்.